வாயில்லாத போன்

முதல் அடி என் இடது தோளில் விழுந்தது. இரண்டாவது அடி வருவதற்குள் நானே விழுந்துவிட்டேன். அதனால்தான் இன்று உயிரோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். முழங்கை நீளத்துக்கு ஒரு ஸ்பேனர், ஒரு நொடிக்கு முன் என் மண்டை இருந்த இடத்தைக் கடந்து போய், மொபைல் டவர் கேபினின் தகரச் சுவரில் மோதியது. என் தலைமுடி முழுக்க நட்டுக்கொண்டு நின்றது. இருப்பதே கொஞ்சம் முடிதான்.

நான் சித்தியைக் கூப்பிட்டேன். கூப்பிட்டேன் என்பது கௌரவத்துக்காகப் போட்ட வார்த்தை. அலறினேன்.

ஸ்பேனர்க்காரன் ஆறடி இருந்தான். இடுப்பில், டவர் ஏறுகிறவர்கள் கட்டுகிற அகலமான பெல்ட். அதில் நான்கு இரும்புக் கொக்கிகள். மூன்றாவது அடிக்குக் கையை ஓங்கியபோது சித்தி கேபினைச் சுற்றிக்கொண்டு பின்னாலிருந்து வந்தாள். பேச்சு, எச்சரிக்கை ஒன்றும் கிடையாது. கார் ஜாக்கியின் கம்பியை அவன் முட்டிக்குப் பின்புறம் வீசினாள். அவன் மண்டியிட்டதும் அவன் பெல்ட்டிலிருந்த கொக்கியையே இழுத்து டவர் ஏணியில் மாட்டினாள். அவன் திமிறி எழப் பார்த்தான். கொக்கி விடவில்லை. ஸ்பேனரைச் சுழற்றினான். அவள் அவன் மணிக்கட்டில் ஒன்று வைத்தாள். எலும்பு உடையும் சத்தம் எனக்கே கேட்டது. அடுத்ததை வாயில் வைத்தாள். அவன் ஒரு பல்லைத் துப்பினான். அதன்பிறகு சாதுவாகிவிட்டான்.

என் சித்தியைப் பற்றி இந்த இடத்தில் சொல்லிவிடுவது நல்லது. அம்மாவின் கடைசித் தங்கை. எனக்கு முப்பத்தேழு, அவளுக்கு நாற்பத்தொன்று. போலீஸில் சப் இன்ஸ்பெக்டராக இருந்தவள். விசாரணையில் ஒருவனுடைய தாடையை உடைத்ததால் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது நாங்கள் இரண்டு பேரும் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறோம். மாடியில் எங்கள் அறை, கீழே பல் ஆஸ்பத்திரி. எங்களைப் பார்த்துவிட்டு இறங்குகிறவர்களில் சிலர் அப்படியே கீழே டோக்கன் வாங்கி உட்கார்ந்துவிடுவதுண்டு. சித்திக்குக் கை நீளம், எனக்கு வாய் நீளம். அதனால் என்னை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. வாயாடி என்றுதான் கூப்பிடுவாள்.

சித்தி ஸ்பேனர்க்காரனின் முன் குந்தி உட்கார்ந்து, அந்தப் பெண் எங்கே என்று கேட்டாள். எந்தப் பெண் என்று அவன் கேட்டான். உடைந்த மணிக்கட்டின் மேல் அவள் சும்மா ஒரு விரலை வைத்தாள். அவன் அழுதுகொண்டே, பெண்ணைப் பற்றித் தனக்குச் சத்தியமாக எதுவும் தெரியாது, இரண்டு பேர் வருவார்கள், காலை உடைத்து அனுப்பு என்றுதான் உத்தரவு என்றான். யார் உத்தரவு என்று கேட்டதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. எங்களைவிட அந்த ஆளுக்குத்தான் அதிகம் பயந்தான்.

நாங்கள் தேடியது ஒரு மொபைல் கம்பெனி இன்ஜினியரை. போனில் இன்டர்நெட் வந்து ஒரு வருஷம்கூட ஆகாத சமயம் அது. அந்தப் பிரிவில்தான் அவளுக்கு வேலை. பேச்சு ஒரு வழியில் போகும், இன்டர்நெட் வேறு வழியில் போகும். இன்டர்நெட் பக்கத்தில் கடிதமோ படமோ எதுவானாலும் துண்டு துண்டாகத்தான் போகும். துண்டுக்குப் பெயர் பாக்கெட். காலை ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வரவேண்டியவள் வரவில்லை. லாரி மெக்கானிக்கான அவள் கணவர் எட்டு மணிக்கு ஆபீஸுக்குப் போய்ப் பார்த்தார். அவளுடைய ஸ்கூட்டர் நிறுத்தின இடத்திலேயே நின்றது. அதன் அடியில் அவளுடைய போன், மிதித்து நொறுக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஒற்றைச் செருப்பு, தரையில் ரத்தம். போலீஸில் மாலை வரை பொறுத்துப் பார்க்கச் சொன்னார்களாம். பதினோரு மணிக்கு எங்கள் மாடிப்படியில் கிரீஸ் கையோடு வந்து நின்றார்.

அவர்தான் அந்தத் துப்பைக் கொடுத்தார். அவளிடம் இன்னொரு சாமான் இருக்கிறதாம். தீப்பெட்டி அளவில் ஒரு மோடம். மைக் கிடையாது, பட்டன் கிடையாது. ஒரு பச்சை விளக்கு மட்டும். நெட்வொர்க் சரியாக இருக்கிறதா என்று சோதிப்பதற்காக எந்நேரமும் இன்டர்நெட் இணைப்பிலேயே இருக்கும். "பேச முடியாத போனை எதுக்குடி கட்டிக்கிட்டு அழறேன்னு கேலி பண்ணுவேங்க," என்றார். குளிரூட்டிய ஹாலில் வேலை என்பதால் தடித்த சாக்ஸ் போடுவாளாம். மோடத்தை அதற்குள்தான் செருகி வைப்பாள். பாக்கெட் பிரிவில் வேலை பார்ப்பவளின் உடுப்பில் ஒரு பாக்கெட் இல்லையா என்று நான் கேட்டேன். சித்தி என் காலை மிதித்தாள். அந்த மனிதர் சிரிக்க முயன்றார், முடியாமல் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு என் நாக்கையே கடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

பன்னிரண்டரைக்குக் கம்பெனிக்குப் போனோம். ஐந்து மாடிக் கட்டிடம். மூன்றாவது மாடியில் இயந்திர ஹால். அலமாரி அலமாரியாக இயந்திரங்கள், தொடர்ந்து ஓர் இரைச்சல், மார்கழி மாதக் குளிர். பிரிவின் மேனேஜர் தனியாக இருந்தார். அவருடைய பேச்சைக் கேட்டு நான் மனதுக்குள் வைத்த பெயர் வெண்ணெய். அவ்வளவு மெத்து. அந்தப் பெண் தனக்குத் தங்கை மாதிரி என்றார். சித்தி மோடம் சமாச்சாரத்தைச் சொன்னாள். வெண்ணெய் கையிலிருந்த பேனாவை மூடி மேஜையில் வைத்தார். பிறகு, அது பிரமாதமான யோசனை என்று சொல்லித் திரையில் தேடினார். கிடைத்தது. மோடம் உயிரோடு, ஏழாம் வட்டாரத்தில் இருந்தது.

எந்த டவர் என்று சித்தி கேட்டாள். வெண்ணெய் வருத்தத்தோடு உதட்டைப் பிதுக்கினார். "போன் சும்மா இருந்தா பேட்டை தெரியும் மேடம், வீடு தெரியாது. வட்டாரத்தைத் தாண்டி வேற வட்டாரத்துக்குப் போனாத்தான் அது எங்களுக்குச் சொல்லும். மெஷினுக்கே அவ்வளவுதான் தெரியும்."

ஏழாம் வட்டாரத்தில் பதினோரு டவர் என்று சொல்லி, எந்த வரிசையில் போனால் சுற்றாமல் போகலாம் என்று யோசித்து, அழகான கையெழுத்தில் எண் போட்டு எழுதிக் கொடுத்தார். ஒவ்வொரு டவருக்கும் அடியில் ஒரு கேபின் உண்டு. ஏசியை நிறுத்தினால் உள்ளே வெயில் நேரத்தில் ஐம்பது டிகிரிக்கு மேல் ஏறும், ஆள் தாங்கமாட்டார், சீக்கிரம் போங்கள் என்று கும்பிட்டு வேறு அனுப்பினார். போலீஸுக்குத் தகவல் சொன்னோம், நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள். பட்டியலில் முதல் டவருக்கு வந்து காரைவிட்டு இறங்கினோம். ஸ்பேனர் விழுந்தது.

இப்போது மணி ஒன்றேகால். சித்தி தரையைக் காட்டினாள். கேபின் நிழலில் மூன்று சிகரெட் துண்டுகள் கிடந்தன. "இவன் நமக்கு முன்னாடியே வந்து நிதானமா ஊதிட்டு இருந்திருக்கான். நாம முதல்ல இந்த டவருக்குத்தான் வருவோம்னு யாருக்குடா தெரியும்?"

நமக்குத் தெரியும் என்றேன். பட்டியல் எழுதினவனுக்கும் தெரியும். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. வெண்ணெய்.

சித்தியின் முகம் வெளுத்துவிட்டது. ரத்தத்தைப் பார்த்து வெளுக்கிற ஆள் இல்லை அவள். "மோடம் அவகிட்ட இருக்குன்னு அவனுக்குத் தெரியாதுடா. நான்தான் போய் வாயை விட்டேன். நானே காட்டிக் கொடுத்துட்டேன்."

அவளை இப்படிப் பார்த்ததே இல்லை. ஆறுதல் சொல்லத் தெரியாமல் மீதிப் பத்து டவரையும் தேடலாமா என்றேன். இரண்டு மணி நேரம் ஆகும், அதற்குள் அந்தப் பெண் வெந்துவிடுவாள் என்றாள். அந்த நேரத்தில்தான் என் சட்டைப்பையில் போன் கிணுகிணுத்தது. அக்கா ஒரு படம் அனுப்பியிருந்தாள். என் மருமகனின் முதல் பல். அடுத்தவன் பல் மண்ணில் கிடக்கிற நேரத்தில் சரியாக வந்து சேர்ந்தது. காலையிலிருந்து ஊரையே சுற்றிக்கொண்டிருக்கிறேன், எங்கே இருக்கிறேன் என்று எனக்கே தெரியாது, இந்தப் பல் மட்டும் எப்படியோ என்னைக் கண்டுபிடித்து வந்துவிட்டது பார் என்று சும்மா புலம்பினேன்.

சித்தி என் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். படத்தைப் பார்க்கவில்லை. போனையே பார்த்தாள்.

"வீடு தெரியாதுன்னானே. வீடு தெரியாம உனக்கு எப்படிடா இது வந்தது?"

எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள். போன் சும்மா இருக்கும்வரை பேட்டைதான் தெரியும். சரி. ஆனால் ஒரு பாக்கெட் வந்துவிட்டால்? தபால்காரன் தெருமுனையில் நின்று கத்துகிறான், அந்த வீட்டுக்காரி கதவைத் திறந்து நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லித்தானே வாங்க வேண்டும்? அந்த மோடத்துக்கு ஒரே ஒரு பாக்கெட் அனுப்பினால் போதும். அது எந்த டவருக்கு அடியில் இருக்கிறது என்று அதுவே சொல்லிவிடும். இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு இது தெரியாமல் இருக்காது. நமக்குக் காது குத்தியிருக்கிறான்.

ஸ்பேனர்க்காரனை ஏணியிலேயே விட்டுவிட்டு, போகிற வழியில் போலீஸையும் இன்ஜினியரின் கணவரையும் கம்பெனிக்கு வரச் சொல்லிப் பேசினேன். சித்தி அவனுடைய ஸ்பேனரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காரை ஓட்டினாள். இரண்டு சிக்னலை மதிக்கவில்லை. ஒரு ஆட்டோவின் கண்ணாடி எங்களோடு வந்துவிட்டது. என் தோள் வீங்கிச் சட்டையை அடைத்துக்கொண்டிருந்தது. அதைப் பற்றிப் பேசினால் இன்னொரு தோளும் போய்விடும் என்று நானும் பேசவில்லை.

ஹால் கதவைத் திறந்தபோது வெண்ணெயின் நாற்காலி காலியாக இருந்தது. ஷிப்ட் பெண் ஒருத்தி கையில் ஒரு அட்டைப் பெட்டியோடு நின்றாள். சின்ன உருவம், பெரிய கண்ணாடி. நான்கு தெரு தள்ளியிருக்கும் கிடங்குக்கு ஏதோ ஒரு கார்டு எடுத்து வரும்படி சார் பன்னிரண்டு மணிக்கே தன்னை அனுப்பிவிட்டதாகவும், அங்கே அந்தக் கார்டைத் தேடி எடுக்கவே ஒன்றரை மணி நேரம் ஆனதாகவும், தான் உள்ளே நுழைந்ததுமே சார் எழுந்து வெளியே போய்விட்டதாகவும் சொன்னாள். இந்த ஹாலில் ஒரு சட்டம். ஒரு நிமிஷம்கூட ஆளில்லாமல் விடக்கூடாது. வெளியே போகிறவர் கதவில் அடையாள அட்டையைத் தேய்த்த பிறகு உள்ளே யாரும் இல்லையென்றால் தலைமை அலுவலகத்தில் மணி அடித்துவிடும். ஐந்து நிமிஷத்தில் காவல்காரர்கள் வந்து நிற்பார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. யாராவது தேடி வந்து விசாரித்தால் இவள் ஏதாவது சொல்லிவிடுவாள் என்று அப்புறப்படுத்தியிருக்கிறான். அப்புறப்படுத்திவிட்டு அவனே நாற்காலியில் மாட்டிக்கொண்டான். மோடம் விஷயம் தெரிந்த பிறகும் எழுந்து போக முடியாமல் ஒரு மணி நேரம் முள்ளின்மேல் உட்கார்ந்திருக்கிறான்.

மோடத்துக்கு ஒரு பாக்கெட் அனுப்ப முடியுமா என்று சித்தி கேட்டாள். அந்தப் பெண் திகைத்தாள். "பிங் போடறதா? அதுக்கென்ன மேடம், ரெண்டு செகண்ட் வேலை. எந்த டவர்னு உடனே காட்டிடும். அக்கா வரலைன்னதுமே அவங்க போனுக்குப் போட்டுப் பார்க்கலாமான்னு சாருகிட்ட கேட்டேனே. அவர்தான் வேண்டாம்னார்."

பெட்டியை வீசிவிட்டு உட்கார்ந்தாள். மோடத்தின் எண்ணைத் தட்டினாள். திரையில் ஒரு வரி தோன்றியது, நின்றது. இரண்டாவது வரியில் பதில் வந்தது. ஷிப்ட் பெண் பக்கத்துத் திரையைப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே தலையை நிமிர்த்தி ஹாலின் கூரையைப் பார்த்தாள்.

ஏழாம் வட்டாரத்தில் டவர் பதினொன்று இல்லை. பன்னிரண்டு. பன்னிரண்டாவது, இதே கட்டிடத்தின் மொட்டைமாடியில் நின்றது. காலையிலிருந்து அந்தப் பெண் எங்கள் தலைக்கு மேலே இருந்திருக்கிறாள். நாங்கள் கைகட்டி நின்று அவனிடம் வழி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

சித்தி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தாள். பிங்கை நிறுத்தாதே என்று ஷிப்ட் பெண்ணிடம் சொல்லிவிட்டு நானும் ஓடினேன். இரண்டு மாடியும் எப்படி ஏறினேன் என்று தெரியாது; ஒவ்வொரு படியும் தோளில் குத்தியது. மொட்டைமாடியில் வெயில் கண்ணைப் பறித்தது. டவருக்கு அடியில் வெள்ளைக் கேபின். ஏசி ஓடவில்லை. கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. உள்ளே ஓர் ஆள் நிதானமாக, மெத்தென்று பேசிக்கொண்டிருந்தான். பேச்சுக்கு நடுவே ஒரு அறை விழுந்தது. ஒரு பெண் முனகினாள். மறுபடி அறை.

சித்தி ஸ்பேனரால் பூட்டை அடித்தாள். ஒன்றும் அசையவில்லை. கனத்த இரும்புக் கதவு, வங்கிப் பெட்டகம் போல. உள்ளே பேச்சு நின்றது. பிறகு ஏதோ இழுபடும் சத்தம். இனி அவசரமாகத் தீர்த்துவிடுவான் என்று எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. நான் சுற்றிலும் பார்த்தேன். படிக்கட்டுச் சுவரில் சிவப்புப் பெட்டி. தீப்பிடித்தால் கண்ணாடியை உடைக்கவும், எல்லாக் கதவுகளும் தானே திறக்கும் என்று எழுதியிருந்தது. நல்ல கையைப் பயன்படுத்தலாம் என்ற புத்திகூட வரவில்லை; வீங்கின தோளாலேயே போய் மோதினேன். கண்ணாடி உடைந்து கையில் இறங்கியது. மணி அலறியது. கேபின் கதவு க்ளிக் என்றது.

உள்ளிருந்து அனல் முகத்தில் அடித்தது. பேட்டரி ரேக்கில் கேபிள் பட்டைகளால் கட்டப்பட்டு அவள் தொங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கண் மூடிவிட்டது, உதடு இரண்டாகக் கிழிந்திருந்தது, உடம்பெல்லாம் வியர்வையும் ரத்தமும். ஒரு காலில் சாக்ஸ் இல்லை. வெண்ணெயின் ஒரு கையில் கேபிள் கட்டர், இன்னொரு கையில் அந்தத் தீப்பெட்டி மோடம். அந்தக் கையிலும் ரத்தம் வழிந்தது; அவள் கடித்திருந்தாள், எலும்பு தெரியும்படி.

அவன் மோடத்தைத் தரையில் போட்டு மிதிக்கக் காலைத் தூக்கினான். நான் பாய்ந்து அதன்மேல் என் கையை வைத்தேன். பூட்ஸ் கால் என் விரல்கள்மேல் இறங்கியது. கண்ணில் பூச்சி பறந்தது. கையை எடுக்கவில்லை. இதை நான் சொல்லிக்காட்டக் கூடாது, ஆனால் சொல்லத்தான் போகிறேன். வாழ்க்கையில் நான் செய்த ஒரே வீரச்செயல் அது.

கட்டரைச் சித்தியின் முகத்துக்கு வீசினான். நெற்றி கிழிந்து ரத்தம் அவள் கண்ணில் இறங்கியது. அவள் பின்வாங்கவில்லை. அவன் வயிற்றில் ஸ்பேனரின் முனையைச் செருகினாள், குனிந்தவனின் தலைமுடியைப் பிடித்து ரேக்கில் மோதினாள், ஒரு முறை, இரண்டு முறை. அவன் அந்த நிலையிலும் அதே மெத்தென்ற குரலில், மேடம், நாம் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றான்.

"பேசினது போதும்," என்றாள் சித்தி. ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு வெறும் முஷ்டியால் அடித்தாள். தாடை விலகும் சத்தத்தை நான் தரையில் கிடந்தபடி கேட்டேன். அந்தச் சத்தம் அவளுக்குப் பழக்கம்தான். முதல் தாடைக்கு வேலை போனது. இந்தத் தாடைக்கு என்ன போகுமோ என்று நான் யோசித்தேன். எது போனாலும் போகட்டும்.

இன்ஜினியரை அவிழ்த்து வெளியே நிழலுக்குக் கொண்டுவந்தோம். தண்ணீரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். ஜனங்கள் போனில் அனுப்புகிற படங்களையும் கடிதங்களையும் அவன் இன்டர்நெட்டுக்குள் நுழைகிற வாசலிலேயே ஒரு பிரதி எடுத்துத் தனக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். அவற்றை வைத்துப் பெண்களை மிரட்டிக்கொண்டிருந்தான். அதில் ஒருத்தி போன மாதம் கிணற்றில் விழுந்து செத்துப்போனாள். ஒரே பாக்கெட் இரண்டு இடத்துக்குப் போவதை இவள் கண்டுபிடித்து, ஆதாரத்தையெல்லாம் எடுத்து வைத்தாள். எங்கே வைத்தாய் என்றுதான் காலையிலிருந்து அடித்தான். அது அந்த மோடத்தின் மெமரியில், அவளுடைய கணுக்காலில் இருந்தது.

சித்தி அவள் முன் மண்டியிட்டாள். நெற்றி ரத்தத்தைத் துடைக்கவில்லை. "மோடம் உன்கிட்ட இருக்குன்னு நான்தாம்மா அவன்கிட்ட சொன்னேன். தெரியாம பண்ணிட்டேன். என்னை மன்னிச்சுடு."

அவள் சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, கிழிந்த உதட்டோடு பேசினாள். சாக்ஸுக்குள் பச்சை விளக்கு அவ்வப்போது மினுங்கிக்கொண்டுதான் இருக்கும், அது தானாகச் செய்வது என்றாள். ஆனால் பாக்கெட் வந்தால் விட்டு விட்டு வேகமாக அடிக்கும். யாராவது ஒருத்தருக்கு ஒரு பிங் போடத் தோன்றாதா என்று காலை ஆறு மணியிலிருந்து தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். "அவன் சாக்ஸை உருவும்போதுதான் அடிச்சது. அப்பத்தான் அவன் கையைக் கடிச்சேன். இனி நீங்க வந்துடுவீங்கன்னு தெரிஞ்சு போச்சு."

கீழே போலீஸ் வண்டிகளின் சத்தம் கேட்டது. அவளுடைய கணவர் போலீஸுக்கு முன்னாலேயே படியேறி வந்துவிட்டார். மூச்சு வாங்க, கிரீஸ் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் எதிரில் நின்றார். அவள் முகத்தைத் தொடப் போய், பயந்து கையை இழுத்துக்கொண்டார். நான் என் நசுங்கிய விரல்களைப் பிரித்து மோடத்தை அவரிடம் கொடுத்தேன். மூடி பிளந்திருந்தது. விளக்கு இன்னும் நொடிக்கு ஒருமுறை அடித்துக்கொண்டிருந்தது. அவர் அதை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, பெரிய ஆண்பிள்ளை, வாய்விட்டு அழுதார்.

அப்போதுதான் எனக்கு மூன்றாவது மாடி நினைவு வந்தது. ஹாலுக்குப் போன் போட்டு, உங்கள் அக்கா பத்திரமாக இருக்கிறாள், பிங்கை நிறுத்திவிடலாம் என்று சொன்னேன். அந்தப் பக்கம் இயந்திர இரைச்சலும் மூக்கை உறிஞ்சும் சத்தமும்தான் கேட்டன.

"எண்ணூத்திப் பத்து ஆச்சு சார்," என்றாள் அந்தப் பெண். "ஒண்ணு விடாம பதில் வந்துட்டே இருக்கு. நிறுத்த மனசு வரலை."